நாலு தண்ணி அலசிய சுவீடன் உருண்டை

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மேட்சிங் பிரிவில் இருபத்தேழு வருடமாக நிற்கிறேன். புடவையோடு வருகிறவர்களுக்கு அதே நிறத்தில் ரவிக்கைத் துணியும் லைனிங்கும் எடுத்துக் கொடுப்பது வேலை. அதனால் எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் படுவது நிறம்தான். டாக்டர் என் மனைவியின் வாயைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டியபோதுகூட, 'இது ராணி பிங்க்' என்றுதான் மனசு சொன்னது. பாழாய்ப் போன மனசு. அதற்கு எந்த நேரத்தில் எதைச் சொல்வது என்று தெரியாது.

கன்னத்தின் உள்பக்கம் ஒரு கட்டி. அதை அறுத்து எடுத்தார்கள். பிறகு ஆறு வாரம் கரண்ட் வைத்தார்கள், ரேடியேஷனுக்கு ஆஸ்பத்திரியில் அப்படித்தான் பேர். கட்டி முழுசாகப் போய்விட்டது என்று சொல்லிக் கையைக் குலுக்கி அனுப்பினார்கள். ஆனால் அதோடு அவள் சாப்பாடும் போய்விட்டது. வாயெல்லாம் வெந்து கிடந்தது. மிளகாய் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. ரசத்தை ஒரு ஸ்பூன் வைத்தால் கண்ணில் தண்ணீர் கொட்டும். எச்சில் ஊறாததால் இட்லிகூடத் தொண்டையில் நின்றுகொள்ளும். கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் பிறந்து, மீன் குழம்பைச் செக்கச் செவேலென்று வைத்து, அதைத் திருநெல்வேலிக்காரனான என்னையே கண்ணைத் துடைத்துக்கொண்டு தின்ன வைத்தவள், மூன்று மாதமாகக் கேழ்வரகுக் கஞ்சியையும் பால் சாதத்தையும் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எடை இறங்கிக்கொண்டே வந்தது. அவளுக்கென்று அவளே தைத்த ரவிக்கைகளை அவளே இரண்டு தடவை பிடித்துத் தைத்தாயிற்று. கடைசியாகப் பார்க்கப் போனபோது டாக்டர், "மூணு வாரம் டைம் தர்றேன். ஒரு கிலோவாவது ஏறணும். இன்னும் இறங்கிச்சுன்னா மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் ஊட்டணும்" என்றார். கரண்ட் வைக்கப் போன நாட்களில் அப்படிக் குழாயோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, "அந்தக் குழாய் மட்டும் வாணாம்யா" என்றாள்.

அந்த நாட்களில் அவளுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் பிடித்திருந்தது. தின்ன முடியாதவள், நாள் முழுக்கப் போனில் சமையல் வீடியோவாகப் பார்ப்பாள். பிரியாணி, நண்டு வறுவல், எந்தெந்த ஊர்க்காரனோ நெருப்பில் வாட்டுகிற முழு ஆடு. "இதைப் போய்ப் பார்த்து வயித்தெரிச்சல் படுதியே" என்று நான் திட்டினால், "கண்ணாலயாச்சும் துன்னுக்கினு போறேன், உனக்கு இன்னா?" என்பாள். வாயில் புண் இருந்தாலும் வாய் போகவில்லை என்று அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். அதில் ஒரு வெள்ளைக்காரம்மா, ஜன்னலுக்கு வெளியே பனி கொட்ட, கறியை உருண்டை பிடித்து வெண்ணெயில் பொரித்து, க்ரீம் ஊற்றிய குழம்பில் போட்டுக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு. என் மனைவி சொன்னாள்: "காரமே போடல பாரு. வழவழன்னு கீது. இத்த துன்னலாம் போல கீதுயா."

மூன்று மாதத்தில் அவள் வாயால் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சுவீடன் நாட்டுச் சமையலாம், கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிற மகள் சொன்னாள். சுவீடன் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எங்கள் கடையில் அப்படி ஒரு நிறமும் கிடையாது. அதனால் என்ன, "நான் பண்ணுதேன், நீ கெட" என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் அடுப்பில் வைத்தது வெந்நீர் மட்டும்தான்.

மகள் செய்முறையைத் தமிழில் எழுதித் தந்தாள். மாட்டிறைச்சியும் பன்றியும் பாதிப்பாதி என்று இருந்தது. இரண்டும் எங்கள் வீட்டில் கிடையாது, அதனால் ஆட்டுக்கறி. பாலில் ஊறவைத்த ரொட்டி, ஒரு முட்டை, வெங்காயம், உப்பு. குழம்புக்கு வெண்ணெய், மைதா, எலும்பு வேகவைத்த தண்ணீர், க்ரீம். மிளகு என்று எழுதியிருந்ததை நானே பேனாவால் அடித்தேன். ஏதோ ஒரு வாசனைக் காய்க்குப் பதிலாக ஜாதிக்காயை ஓர் உரசு உரசினால் போதும் என்று மகள் முடிவு செய்தாள். க்ரீமுக்கு அடையாறு வரை போய் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜவுளிக்கடையில் லீவு கேட்பதும் முதலாளியின் பெண்ணைக் கேட்பதும் ஒன்று. எனக்கு வார லீவு புதன்கிழமை. அந்தப் புதன் காலையில் பாய் கடையில் அரைக் கிலோ கொத்துக்கறி வாங்கி வந்தேன். "கோலா உருண்டையா சார்?" என்று பாய் கேட்டார். "சுவீடன்" என்றேன். அவர் கத்தியை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு மறுபடி கொத்தினார்.

கறி வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி எழுந்து வந்து தொட்டிப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் இது சட்டம். மஞ்சள் தூள் போட்டு நாலு தண்ணீர் அலசாத கறி அடுப்பில் ஏறாது. அவள் அம்மா வீட்டிலும் அப்படித்தான், பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான், எங்கள் ஊரிலும் அப்படித்தான். வெள்ளைக்காரம்மா கழுவினாளா என்று நான் வீடியோவில் பார்க்கவே இல்லை. கழுவாமல் யாராவது கறி சமைப்பார்களா? மஞ்சள் போட்டேன், பிசைந்தேன், அலசினேன், வடிகட்டினேன். நாலாவது தண்ணீர் தெளிவாக ஓடியபோதுதான் அவள் தலையை ஆட்டினாள்.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே வெட்கம். கறி, ரொட்டி, முட்டை எல்லாம் சேர்த்துப் பிசைந்தால் உருண்டை பிடிக்க வரவில்லை. கையில் இருக்கும்போது உருண்டை, வாணலியில் வைத்தால் தோசை. திருப்பிப் போட்டால் அதுவும் இல்லை. தண்ணீர் விட்டுக்கொண்டு உதிர்ந்து, கடைசியில் வெண்ணெயில் நீந்துகிற பொடிமாஸ் ஆகிவிட்டது. அதன் தலையில் க்ரீம் குழம்பை ஊற்றினேன். மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, கறிப் பாயசம்" என்றாள். என் மனைவி சிரிக்காமல் ஒரு ஸ்பூன் எடுத்து வைத்தாள். உதிரி உதிரியாக இருந்த கறித் துணுக்குகள் கன்னத்துப் புண்ணில் மணல் மாதிரி உரசியிருக்க வேண்டும். முகத்தைச் சுளித்து, துணியில் துப்பிவிட்டு, "பரவால்ல வுடு" என்றாள். அவள் பரவாயில்லை என்று சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. நல்ல நாளிலே அவள் என்னை எதற்கும் பரவாயில்லை என்று சொன்னது கிடையாது.

மகள் ராத்திரியெல்லாம் போனை நோண்டிவிட்டுக் காலையில் தீர்ப்புச் சொன்னாள். கொத்துக்கறியைக் கழுவியதுதான் தப்பு. கழுவினால் கறி பஞ்சு மாதிரி தண்ணீர் குடித்துவிடும், ஒன்றோடொன்று ஒட்டுகிற பசையும் கொழுப்பும் தண்ணீரோடு போய்விடும். அந்த நாட்டில் ஒருவரும் கழுவுவதில்லையாம். இதை அவள் அம்மாவிடம் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை.

தைரியம் இல்லாதவன் என்ன செய்வான், திருட்டுத்தனம் செய்வான். சனிக்கிழமை விடிந்ததும் அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கறி வாங்கி வந்து, கழுவாமல் பிசைந்து, உருட்டி, பொரித்தேன். அடடா, என்ன அழகாக வந்தன! கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக, ஒன்றுகூட உடையாமல். குழம்பும் வீடியோவில் பார்த்த அதே நிறம், சந்தனத்துக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் ஒன்று. தட்டில் ஆறு வைத்து, கட்டிலுக்குக் கொண்டுபோனேன். என் நடையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

அவள் தட்டை முகத்துக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தினாள். கரண்ட் வைத்த பிறகு அவளுக்கு ருசி போய்விட்டது, மோப்பம் மட்டும் ரெண்டு பங்காகிவிட்டது.

"கறிய கழுவினியா?"

"கழுவினேன்."

எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, சமையலறைத் தொட்டியைப் பார்த்தாள். "சிங்க்ல மஞ்சக் கறை எங்க?" என்றாள். போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவள், ரவிக்கை தைத்துக் காலத்தைக் கழித்துவிட்டாள். எனக்குத் திருடன் மாதிரி முழிப்பதைத் தவிர வழி இல்லை. "ரத்தக் கவுச்சியோட எனக்குக் குடுக்க வந்தியா? சீக்காளி தானே, இன்னா குடுத்தாலும் துன்னும்னு நெனச்சியா?" என்றாள். தட்டை மேடைமேல் வைத்துவிட்டுப் போய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்கும் கோபம் வந்துவிட்டது. கோபம் எனக்குச் சட்டென்று வரும், கடையில் இருபத்தேழு வருடமாக அடக்கி வைத்ததெல்லாம் வீட்டில்தான் வெளியே வரும். "மூக்குல குழாய் வெச்சா அதுல ஊத்துறத நாலு தண்ணி அலசியா ஊத்துவான்?" என்று கத்திவிட்டேன். சொன்ன வாயை அப்போதே தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் திரும்பவில்லை. முதுகு மட்டும் ஒரு தடவை குலுங்கியது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அன்றைக்குக் கடையில் முகூர்த்தக் கூட்டம். காலையில் சொன்னதையே மனசுக்குள் மென்று முழுங்கிக்கொண்டு துணியைக் கிழித்துக்கொண்டிருந்தேன். சாயந்தரம் மயிலாப்பூர் மாமி ஒருவர் வந்தார். மாம்பழ நிறப் பட்டுக்கு லைனிங் எடுத்துக் கொடுத்தேன். "இது தோய்ச்சா சுருங்கிடாதோ? போன தடவை தைச்சு ரெண்டே தோய்ப்புதான், ஆத்துல எல்லாரும் சிரிக்கறா மாதிரி ஆயிடுத்து" என்றார்.

"வெட்டறதுக்கு முன்னாடி முழுத் துணியா நனைச்சு, காய வெச்சு, அப்புறம் வெட்டச் சொல்லுங்கம்மா. வெட்டினப்புறம் நனைச்சா ஒண்ணுக்கும் உதவாது" என்றேன்.

ஒரு நாளைக்கு நாற்பது தடவை இதைச் சொல்கிறேன். இருபத்தேழு வருடமாகச் சொல்கிறேன். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே என் மனைவிதான், தையல் மிஷின் அவளுடையது. அன்றைக்குத்தான் சொன்னது என் காதில் விழுந்தது. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு மாமியைப் பார்த்து இளித்தேன் போலிருக்கிறது. அவர் பில்லை வாங்கிக்கொண்டு கொஞ்சம் வேகமாகவே நகர்ந்துவிட்டார்.

புதன்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. ஞாயிறு இரண்டு மணி நேரம் தாமதமாக வருவேன் என்று சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்கவில்லை, தகவலாகச் சொன்னேன். காலை ஆறு மணிக்குப் பாய் கடையில் எலும்பில்லாத தொடைக்கறி, கொத்தாமல், ஒரே துண்டாக வாங்கினேன். வீட்டுக்கு வந்து அவளை எழுப்பி, "கறி முழுசா இருக்கு. நீயே கழுவு" என்றேன். நேற்றைய சண்டைக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை அது. அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். எழுந்து வந்தாள். ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே, மஞ்சள் போட்டுத் தேய்த்து, நாலு தண்ணீர் இல்லை, ஐந்து தண்ணீர் அலசினாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தத் தொட்டி முன்னால் அவள் நின்று வேலை செய்வதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் உரிப்பதாகப் பாவனை செய்தேன்.

அப்புறம் என் முறை. அவள் தையல் பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் வெள்ளை லைனிங் துணியை உருவி, கறியை அதில் சுருட்டி, பட்டுப்புடவையில் காபி கொட்டினால் ஒற்றி எடுப்போமே, அப்படி அழுத்தி அழுத்தி ஈரத்தை எடுத்தேன். "நல்ல துணிய நாசம் பண்றியேயா" என்று அவள் கத்தினாள். கத்தட்டும் என்று சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி பாய் கடைக்கு ஓடினேன்.

ஞாயிறு ஏழரை மணி. கடை முன்னால் முப்பது பேர். நான் பையைப் பிரித்ததும் பாய், "இன்னா சார் இது, நாந்தான குடுத்தேன், மஞ்ச குளிச்சிக்கினு வந்துகீது?" என்றார். இதை மிஷினில் போட்டு இரண்டு தடவை ஓட்டிக் கொடுக்க வேண்டும் என்றேன். "வூட்டுக்குப் போன கறிய நான் மிஷின்ல போடமாட்டேன். கூட்டத்தப் பாரு சார்" என்றார். பின்னால் இருந்த ஒருவர், "யோவ், நவுரு" என்றார்.

எனக்கு வாடிக்கையாளராக இருந்து பழக்கமில்லை. ஒரு ரவிக்கைத் துணிக்கு அறுபது விதப் பச்சையை இறக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் "போய்ட்டு வர்றேன்" என்று கிளம்புகிறவர்களிடம் சிரித்துத்தான் பழக்கம். அன்றைக்கு அவர்கள் எல்லோருடைய பிடிவாதமும் என்னுள் இறங்கியது. "பாய், நான் நகரமாட்டேன். என் வீட்டம்மாவுக்கு வாயில கரண்ட் வெச்சிருக்கு. மூணு மாசமா ஒண்ணும் சாப்பிடல. கழுவாத கறிய தொடமாட்டா, கொத்தினப்புறம் கழுவினா உதிருது. நீங்க ஓட்டிக் குடுத்தாத்தான் ஆச்சு" என்றேன், தெருவுக்கே கேட்கிறபடி.

பாய் கையை நீட்டினார். கறியை வாங்கி அமுக்கிப் பார்த்தார். "நல்லா தொடச்சிருக்க" என்றார். மிஷினைக் கழுவச் சொல்லி, இரண்டு தடவை இல்லை, மூன்று தடவை ஓட்டினார். கடைசி ஓட்டத்தில் அவராகவே ஒரு துண்டுக் கொழுப்பைத் தண்ணீரில் அலசி, துடைத்து, சேர்த்தார். நவுரு என்று சொன்னவர் எனக்கு வழிவிட்டு நின்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் கைமேல் பலன். மாவு மாதிரி கறி, பாலில் ஊறிய ரொட்டியோடு ஒட்டிக்கொண்டு அப்படியே திரண்டது. நெல்லிக்காய் அளவில் இருபத்துமூன்று உருண்டை. வெண்ணெயில் போட்டபோது ஒன்றுகூடக் கால் நீட்டவில்லை. மைதாவை நான் வெண்ணெயில் வறுக்க, மகள் போனைப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள, "இன்னும் ஒரு ஷேடு" என்று நிறத்தைப் பார்த்து நிறுத்தினேன். எலும்புத் தண்ணீர், க்ரீம், ஜாதிக்காய். குழம்பு சோம்பலாக ஒரு கொதி கொதித்ததும் உருண்டைகளை இறக்கினேன். மசித்த கிழங்கில் கடுகு தாளிக்கத் துடித்த கையை நானே அடக்கிக்கொண்டேன்.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். அவள் மோந்து பார்த்தாள். ஓர் உருண்டையை விரலால் பிட்டு, குழம்பில் புரட்டி, வாயில் வைத்து மூடிக்கொண்டாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறி இறங்கியது. தண்ணீர் டம்ளரைத் தொடாமலே இறங்கியது. இரண்டாவது விள்ளல். மூன்றாவது. நாலு உருண்டையும் கிழங்கும் முடிந்து, விரலால் தட்டை வழித்தாள். பிறகு சட்டென்று கையை நீட்டி, என் தட்டில் நான் கடித்து வைத்திருந்த உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"எச்சிலுடி!" என்றேன்.

"ஐயோடா, பெரிய எச்சிலு" என்று மென்றுகொண்டே சொன்னாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய் இரண்டு கையையும் தூக்கி ஒரு குத்தாட்டம் போட்டேன். ஐம்பத்துமூன்று வயதில், கையில் கரண்டியோடு. மகள் அதை வீடியோ எடுத்துவிட்டாள், எடுத்தால் எடுக்கட்டும். அன்றைக்குக் கடையில் இரண்டு மணி நேரத் தாமதத்துக்கு வாங்கிய திட்டு என் மேல் ஒட்டவே இல்லை.

அடுத்த பன்னிரண்டு நாளில் ஐந்து தடவை செய்தேன். ஒவ்வொரு தடவையும் கறி முழுசாக வீட்டுக்கு வந்து, அவள் கையால் குளித்து, லைனிங் துணியில் துவட்டிக்கொண்டு, பாயிடம் போய்த் திரும்பி வந்தது. மூன்றாவது தடவையிலிருந்து பாய் என்னைப் பார்த்ததும், "சுவீடன் வந்தாச்சு, வழி வுடுங்க" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்.

மூன்றாவது வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். செருப்பைக் கழற்றிவிட்டு அவள் எடை மேடையில் ஏறினாள். நான் முள்ளைப் பார்க்கவில்லை, நர்ஸ் முகத்தைப் பார்த்தேன். ஒரு கிலோவும் இருநூறு கிராமும் ஏறியிருந்தது. டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "குழாய் வேண்டாம். என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க வூட்டுக்காரர் சுவீடன் உருண்டை செய்றாரு டாக்டர். ஆனா கறிய நான்தான் கழுவுறேன்" என்றாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் செய்முறை கேட்டார். அதை அவளே சொன்னாள், முழுசாக, என்னை ஒரு வார்த்தை பேசவிடாமல்.

ஆட்டோவில் ஏறி வீட்டுக்குக் கிளம்பினோம். பாலம் இறங்கும்போது என் முழங்கையை இடித்தாள்.

"யோவ், பசிக்குது."

கட்டி வந்ததிலிருந்து, ஏழெட்டு மாதமாக, அந்த வார்த்தையை அவளிடமிருந்து நான் கேட்கவில்லை. ஆட்டோக்காரரைக் கொஞ்சம் வேகமாகப் போகச் சொன்னேன்.